ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவில், ஓர் அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விமானம் புதிதல்ல. வகுப்புக்கு நான்கைந்து பேருக்காவது அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பார்கள். அவர்களை வழியனுப்பவும் அழைத்து வரவும் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்துக்குப் பிள்ளைகள் போய் வருவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் 'வேகம் = தொலைவு ÷ காலம்' என்பதை நினைவூட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எங்கப்பா சிங்கப்பூர் போகும்போது ராத்திரி 1 மணிக்கு ஏறினாங்க. காலைல 7.45க்கு அங்க இறங்கினாங்க. திரும்பி வரும்போது ராத்திரி 8.30க்கு அங்க ஏறி, 10.15க்கெல்லாம் இங்க வந்துட்டாங்க. போறதுக்கு 6 மணி 45 நிமிஷம். வர்றதுக்கு 1 மணி 45 நிமிஷம். ஒரே தூரம்தானே டீச்சர்?"

மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "போகும்போது எதிர்காற்று இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் தெளிவு இல்லை. என் மனத்திலும் இல்லை. நான் சொன்ன விடை தவறு என்பது அன்று மாலை வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்தத் தவறைத் திருத்தப் போய், நான்கு பாடவேளைகள் நடந்த ஒரு பாடமே கிடைத்தது. ஆறாம் வகுப்பின் புவி மாதிரி, ஏழாம் வகுப்பின் இடப்பெயர்ச்சி, எட்டாம் வகுப்பின் பித்தாகரஸ் தேற்றம், ஒன்பதாம் வகுப்பின் ஒருங்கமை சமன்பாடுகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. அதை அப்படியே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வேகம் காட்டிக்கொடுத்தது

மறுநாள் வகுப்பில் முதலில், "நேற்று நான் சொன்ன விடை சரியில்லை. ஏன் சரியில்லை என்று நாமே கண்டுபிடிப்போம்" என்றேன். ஆசிரியரே தவறை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நிலவரைபட நூலின் அளவுகோலைக் கொண்டு திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,000 கி.மீ. என்று எடுத்துக்கொண்டோம். போகும் வேகம்: 3,000 ÷ 6.75 = மணிக்கு சுமார் 444 கி.மீ. வரும் வேகம்: 3,000 ÷ 1.75 = மணிக்கு சுமார் 1,714 கி.மீ.

"ஒலியின் வேகம் எவ்வளவு?" என்று கேட்டேன். அறிவியல் பாடத்திலிருந்து நொடிக்கு 340 மீட்டர் என்றார்கள். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 1,224 கி.மீ. அப்படியானால் அந்த மாணவியின் அப்பா ஒலியை விட வேகமாகத் திருச்சிக்கு வந்திருக்க வேண்டும்! அப்படிப் பறந்த புகழ்பெற்ற பயணிகள் விமானமான கான்கார்டு 2003ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. இன்றைய பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில்தான் செல்கின்றன.

எனவே 1.45 என்ற எண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை வகுப்பு ஒப்புக்கொண்டது. 'எதிர்காற்று' என்ற என் விடையும் விழுந்தது. ஐந்து மணி நேர வேறுபாட்டை உண்டாக்கும் காற்று அடித்தால் விமானம் பறக்கவே முடியாது.

தவறான விளக்கம், சரியான எண்

அப்போது ஒரு மாணவன் கை தூக்கினான். "டீச்சர், பூமி மேற்கிலிருந்து கிழக்கா சுத்துது. சிங்கப்பூர் கிழக்க இருக்கு, நாம மேற்க இருக்கோம். விமானம் அங்கருந்து மேல ஏறி நின்னாப் போதும். பூமி சுத்தி திருச்சி தானா அதுக்குக் கீழ வந்துடும். அதான் சீக்கிரம் வந்துடுறாங்க."

வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இது பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் உள்ள கருத்துதான். "சரி, கணக்குப் போட்டுப் பார்" என்றேன். அவன் போட்டான்.

பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருச்சி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கக்கோடு 78.7 பாகை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 104.0 பாகை. வேறுபாடு 25.3 பாகை. 25.3 × 4 = 101 நிமிடம். அதாவது 1 மணி 41 நிமிடம்!

மாணவி சொன்னது 1 மணி 45 நிமிடம். நான்கே நிமிட வேறுபாடு. வகுப்பு கைதட்டியது.

ஆசிரியர் நண்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் திணறித்தான் போனேன். தவறான கருத்து தவறான விடையைத் தந்தால் திருத்துவது எளிது. தவறான கருத்து ஏறத்தாழ சரியான எண்ணைத் தந்துவிட்டால் என்ன செய்வது? "அது தவறு, உட்கார்" என்றால் அந்தப் பையன் உட்காருவான், கருத்து உட்காராது.

ஒரு விளக்கம் சரியா என்று அறிய, அதை இன்னோர் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். "சரி, இதே விளக்கப்படி போகும் பயணத்தைச் சொல்" என்றேன். நிலநடுக்கோட்டருகே பூமியின் மேற்பரப்பு மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. அவன் சொல்வதுபோல் பூமி விமானத்தை விட்டுவிட்டுச் சுழன்றால், சிங்கப்பூர் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். விமானம் துரத்திக்கொண்டே இருக்கும். ஒருநாளும் எட்டாது. ஆனால் அவளுடைய அப்பா காலை 7.45க்கு இறங்கிவிட்டாரே!

மாணவன் யோசித்தான். "அப்ப காத்தும் பூமியோட சேந்து சுத்துதா டீச்சர்?" அவனே கேட்டுவிட்டான். ஸ்ரீரங்கத்தில் ஏறி காவிரிப் பாலத்தைக் கடக்கும் ரயிலில் உட்கார்ந்து ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டினால் அது பின் இருக்கையில் போய் விழுவதில்லை, நம் கையிலேயே விழுகிறது. ரயிலின் வேகம் நாணயத்துக்கும் இருக்கிறது. அதுபோல நிலமும் காற்றும் அதில் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கு அந்த வேகம் இருக்கிறது. மேலே ஏறியதும் அது போய்விடுவதில்லை.

ஒரே கடிகாரம்

அப்படியானால் 1.45 எங்கிருந்து வந்தது? விடையை நான் சொல்லவில்லை. மாணவிக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். "அப்பா ஏறியபோதும் இறங்கியபோதும் வீட்டுக்குச் சொன்னாரா? அப்போது உங்கள் வீட்டில் மணி என்ன என்று அம்மாவிடம் கேட்டு வா."

மறுநாள் அவள் அம்மாவின் கைப்பேசியைப் பார்த்து எழுதி வந்திருந்தாள். 'ஏறிட்டேன்' என்ற செய்தி வந்தது மாலை 5.50. 'இறங்கிட்டேன்' என்ற அழைப்பு வந்தது இரவு 10.20. இடையே 4 மணி 30 நிமிடம்.

அவளே சொன்னாள்: "டீச்சர், அப்பா 8.30ன்னு சொன்னது சிங்கப்பூர் மணி. 10.15 நம்ம மணி. ரெண்டையும் கழிச்சது தப்பு."

நான்கு பாடவேளைகளில் மிக முக்கியமான வாக்கியம் இதுதான். இரண்டு நேரங்களைக் கழிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் பார்த்தவையாக இருக்க வேண்டும். மீட்டரிலிருந்து அடியைக் கழிக்கக் கூடாது என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். சிங்கப்பூர் நேரத்திலிருந்து இந்திய நேரத்தைக் கழிப்பதும் அதே தவறுதான். இரண்டுக்கும் 'மணி' என்றே பெயர் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டு சமன்பாடுகள்

இனி கணிதம். நேர வேறுபாடு எவ்வளவு என்பதே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். மாணவி சொன்ன இரண்டு எண்களிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். பறக்கும் நேரம் 'ப' என்க. சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட முந்தியிருக்கும் நேரம் 'வ' என்க.

போகும்போது: ப + வ = 6 மணி 45 நிமிடம்
வரும்போது: ப – வ = 1 மணி 45 நிமிடம்

கூட்டினால் 2ப = 8 மணி 30 நிமிடம்; ப = 4 மணி 15 நிமிடம்.
கழித்தால் 2வ = 5 மணி; வ = 2 மணி 30 நிமிடம்.

பறக்கும் நேரம் நாலேகால் மணி. நேர வேறுபாடு இரண்டரை மணி. சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொன்னேன். இந்தியத் திட்ட நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. சிங்கப்பூர் 8 மணி நேரம் முந்தியது. வேறுபாடு சரியாக 2 மணி 30 நிமிடம். ஒருங்கமை சமன்பாடுகளைப் பல ஆண்டுகளாக 'இரண்டு எண்களின் கூடுதல், வித்தியாசம்' என்றே நடத்தி வந்த எனக்கு, அவை ஒரு பெண்ணின் வீட்டுக் கேள்விக்கு விடை சொன்னதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

நுட்பமான ஒரு மாணவன், "சூரியன்படி 1 மணி 41 நிமிஷம்தானே வித்தியாசம்? கடிகாரத்துல ஏன் இரண்டரை மணி?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தலநேரத்தைச் சூரியன் தருகிறது. திட்ட நேரத்தை அரசு தீர்மானிக்கிறது. நம் நாடு மிர்சாபூர் அருகே செல்லும் 82 பாகை 30 கலைத் தீர்க்கக்கோட்டை எடுத்துக்கொண்டது. திருச்சி அதற்கு மேற்கே ஏறத்தாழ 3.8 பாகை தள்ளியிருப்பதால், சராசரியாகப் பகல் 12.15க்குத்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வருகிறது. சிங்கப்பூரின் தீர்க்கக்கோட்டின்படி அங்கே உலகப் பொது நேரத்தைவிட சுமார் 6 மணி 56 நிமிடமே கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் 8 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே காலை 7 மணியளவில்தான் விடிகிறது. "எங்கப்பா, ஏழு மணிக்குக்கூட வெளிச்சம் சரியா வரலைன்னு சொல்லுவாங்க" என்று இன்னொரு பெண் சொன்னாள்.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 1981ஆம் ஆண்டு இறுதி வரை சிங்கப்பூர் நேரம் 7 மணி 30 நிமிடம்தான் முந்தியிருந்தது. 1982 புத்தாண்டு பிறக்கும்போது மலேசியத் தீபகற்பத்தோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் இதே விமானம் பறந்திருந்தால், திரும்பும் பயணம் கடிகாரக் கழித்தலில் 1 மணி 45 நிமிடமாக இல்லாமல் 2 மணி 15 நிமிடமாக இருந்திருக்கும். 1982இல் பூமியின் சுழற்சி மாறவில்லை. கடிகார முள் மட்டுமே நகர்ந்தது. 'பூமி சுழல்வதால்' என்ற விளக்கம் எண்ணோடு ஒத்துப்போனது தற்செயல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தொலைவை அளந்தது யார்?

"3,000 கிலோமீட்டர்னு எப்படி டீச்சர் தெரியும்? கடலுக்கு மேல டேப் பிடிச்சா அளந்தாங்க?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு வழிகளில் அளந்தோம்.

முதல் வழி நூல். பள்ளியில் இருந்த புவி மாதிரியின் விட்டம் 30 செ.மீ. சுற்றளவு சுமார் 94 செ.மீ. உண்மையான பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. எனவே 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. திருச்சி இருக்கும் இடத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தையல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் 7 செ.மீ. வருகிறது. 7 × 425 = 2,975 கி.மீ.

இரண்டாம் வழி பித்தாகரஸ். ஒரு பாகைக்கு 40,000 ÷ 360 = 111 கி.மீ. திருச்சி விமான நிலையத்தின் வட அட்சம் 10.8 பாகை, சாங்கி 1.4 பாகை. வடக்கு–தெற்கு வேறுபாடு 9.4 பாகை, அதாவது 1,043 கி.மீ. கிழக்கு–மேற்கு வேறுபாடு 25.3 பாகை, அதாவது 2,808 கி.மீ. இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். கர்ணம் சுமார் 2,995 கி.மீ. வருகிறது.

பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு கணித்தால் கிடைக்கும் தொலைவு சுமார் 2,980 கி.மீ. எட்டாம் வகுப்புத் தேற்றம் தந்த விடையில் பிழை அரை விழுக்காடுதான்!

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. திருச்சியும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலும், தொலைவு மிகப் பெரிதாக இல்லாததாலும்தான் இந்த முறை பலித்தது. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்குகின்றன. அங்கே ஒரு பாகைக்கு 111 கி.மீ. இருக்காது. இதே கணக்கை டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போட்டால் 17,800 கி.மீ.க்கு மேல் வரும். உண்மையான மிகக் குறுகிய தொலைவு சுமார் 12,400 கி.மீ.தான். புவி மாதிரியில் நூலைப் பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே ஏறித் துருவத்தை ஒட்டிச் சென்று மறுபக்கம் இறங்கும். இதற்குத்தான் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரியும் கோடு, உருண்டையில் மிக நேரான கோடு. இதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் நாம் பேசவே வேண்டியதில்லை.

மீதி நிமிடங்கள் எங்கே போயின?

2,980 ÷ 830 = 3.59 மணி, அதாவது 3 மணி 35 நிமிடம். ஆனால் நாம் கண்டுபிடித்தது 4 மணி 15 நிமிடம். நாற்பது நிமிடம் எங்கே?

பிள்ளைகள் பேருந்தை வைத்தே விடை சொன்னார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்து கிளம்பியவுடனே முழு வேகம் பிடிக்குமா? பிடிக்காது. விமானமும் அப்படித்தான். கால அட்டவணையில் போடும் நேரம், நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்குவது முதல் மறு நிலையத்தில் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, பரபரப்பான சாங்கியில் வரிசையில் இறங்குவது, நூல் பிடித்தாற்போன்ற நேர்ப்பாதையில் போகாமல் குறிக்கப்பட்ட வான்வழிகளில் போவது எல்லாம் அதில் சேரும். 2,980 ÷ 4.25 = மணிக்கு சுமார் 700 கி.மீ. இதுதான் சராசரி வேகம். 830 என்பது நடுவழி வேகம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இன்னும் சுவையாக இருக்கும். ஸ்ரீரங்கம் வீட்டிலிருந்து இரவு 9 மணிக்குக் கிளம்பி, மறுநாள் சிங்கப்பூர் நேரம் காலை 10 மணிக்குத் தங்குமிடம் சேர்ந்தால், நம் கடிகாரத்தில் அது 7.30. மொத்தம் பத்தரை மணி நேரம். வாசலிலிருந்து வாசலுக்குச் சராசரி வேகம் மணிக்கு 290 கி.மீ.கூட வராது.

அதையும் குறைவாக எண்ண வேண்டாம். எங்கள் பகுதிப் பெரியவர்கள் 'ரஜுலா', 'எம்.வி. சிதம்பரம்' என்று கப்பல் பெயர்களை இன்றும் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாலேகால் மணி அதில் நாற்பதில் ஒரு பங்கு. தாத்தாக்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால் அது தனி ஒரு பாடமாகும்.

காற்றும் பரிசலும்

முதல் நாள் நான் சொன்ன எதிர்காற்றுக்கு மீண்டும் வருகிறேன். அது முழுப் பொய் அல்ல. அளவறியாமல் சொன்ன உண்மை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலிய காற்றோட்டம் வீசுகிறது. அதற்கு வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். அதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை 1958இல் வெளியிட்டவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அவர் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பும் வகித்தார். அந்தக் காற்று உச்ச வலுவில் இருக்கும் உயரத்தில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேலும் வீசும். விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழே பறப்பதால் அதில் ஒரு பங்கைச் சந்திக்கின்றன.

கணக்குக்காக மணிக்கு 50 கி.மீ. என்று கொண்டோம். போகும்போது 830 – 50 = 780; நேரம் 3 மணி 49 நிமிடம். வரும்போது 830 + 50 = 880; நேரம் 3 மணி 23 நிமிடம். வேறுபாடு 26 நிமிடம். காவிரியில் பரிசல் எதிர்நீச்சலில் போய் நீரோட்டத்தோடு திரும்பும் பழைய கணக்கேதான் இது. காற்று அரை மணி நேர வேறுபாட்டைச் செய்யும், ஐந்து மணி நேர வேறுபாட்டைச் செய்யாது. 'எவ்வளவு?' என்று கேட்காமல் காரணம் சொன்னதுதான் என் தவறு.

நம் சமன்பாடுகளில் போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று எடுத்துக்கொண்டோம் என்பதையும் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். காற்று இருந்தால் அந்த எடுகோள் சற்றே ஆட்டம் காணும். விடையும் சில நிமிடங்கள் மாறும்.

நீண்ட பயணங்களில் காற்று பாதையையே மாற்றிவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கி இயக்கத் தொடங்கியது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கி.மீ.; பசிபிக் வழி சுமார் 15,300 கி.மீ. தொலைவு 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்தது. தொலைவு கூடினால் நேரமும் கூடும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது நல்ல அதிர்ச்சி வைத்தியம்.

பறந்தது இரண்டரை மணி, இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள் மாலை. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் கோளாறு ஏற்பட்டதையும், எரிபொருளைக் குறைப்பதற்காக அது வானிலேயே வட்டமடித்ததையும், சுமார் இரண்டரை மணி நேரத்துக்குப் பின் பத்திரமாகத் திருச்சியிலேயே தரையிறங்கியதையும் எங்கள் பிள்ளைகள் யாரும் மறக்கவில்லை. எரிபொருள் நிறைந்த விமானத்தின் எடை, இறங்குவதற்கு உகந்த எடையைவிடக் கூடுதலாக இருக்கும், அதனால்தான் காத்திருந்தார்கள்.

"அந்த விமானம் கடந்த தொலைவு எவ்வளவு?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். "நிறைய டீச்சர், நூத்துக்கணக்குல இருக்கும்." "இடப்பெயர்ச்சி?" சிறிது அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பூஜ்ஜியம். கிளம்பின எடத்துலயே இறங்கிடுச்சே." தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வகுப்பு இனி மறக்காது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

இந்தப் பாடத்துக்குத் தேவையானவை ஒரு புவி மாதிரி, தையல் நூல், நிலவரைபட நூல், அளவுகோல் மட்டுமே. புவி மாதிரி இல்லையென்றால் பெரிய பந்தில் நிலநடுக்கோட்டை வரைந்தும் செய்யலாம். உங்கள் ஊருக்கு ஏற்ப, சென்னை–துபாய், மதுரை–கொழும்பு, கோவை–சார்ஜா என்று மாற்றிக்கொள்ளலாம். மேற்கே போகும் பயணத்தில் குறிகள் தலைகீழாகும்: போகும்போது ப – வ, வரும்போது ப + வ. ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

தொடக்க நிலை வகுப்புகளில் சமன்பாடு வேண்டாம். 'நம் வீட்டில் மணி 7.30. சிங்கப்பூரில் மணி என்ன?' என்ற கடிகாரக் கணக்கே போதும். அட்டையில் இரண்டு கடிகாரம் செய்து, ஒன்றை நகர்த்தும்போது மற்றதையும் நகர்த்தச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "யாருடைய அப்பா வெளிநாட்டில்?" என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். நெடுநாள் திரும்பாத அப்பாக்கள் இருக்கிறார்கள். பேச்சு நின்றுபோன வீடுகளும் இருக்கின்றன. ஊரையும் விமான நேரத்தையும் நாமே கொடுத்துவிடலாம். விருப்பமுள்ள பிள்ளை தானே பேசும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி, பாடம் முடிந்த வாரத்தில் ஓர் அட்டையை என்னிடம் காட்டினாள். இடப்பக்கம் 'நம்ம மணி', வலப்பக்கம் 'அப்பா மணி' என்று அரை மணிக்கு ஒரு வரியாக எழுதியிருந்தாள். சமையலறைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டப் போவதாகச் சொன்னாள். எதற்கென்று கேட்டேன்.

"அம்மா வேலையெல்லாம் முடிச்சு பத்து மணிக்குத்தான் போன் பண்ணுவாங்க டீச்சர். அப்பாவுக்கு அப்ப பன்னிரண்டரை. காலைல சீக்கிரம் எந்திரிச்சு வேலைக்குப் போகணும். அவங்க சொல்லவே இல்ல. இனிமே எட்டு மணிக்குள்ள பேசிடுவோம்."